மதுரையில் நில அதிர்வை உணர்ந்தவர்கள் உண்டா?

திருநகர்க்காரர்:
2012 ஏப்ரல் 11, பிற்பகல் இரண்டு மணிக்கு மேல். மாட்டுத்தாவணி அருகே நான்காம் மாடியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பாட்டிலுக்குள் தண்ணீர் பக்கவாட்டில் அசைந்தது. எனக்குத் தலை சுற்றியது. பசி என்று நினைத்தேன். எதிர் மேசைக்காரரும் தலை சுற்றுகிறது என்று சொன்னதும் எல்லோரும் படிக்கட்டுக்கு ஓடினோம். கீழே டீக்கடைக்காரர் ஒன்றுமே உணரவில்லை. எங்களை ஏற இறங்கப் பார்த்தார். சுமத்ராவுக்கு மேற்கே 8.6 என்று பிறகு செய்தியில் சொன்னார்கள். சுனாமி எச்சரிக்கை வந்தது, அன்றே விலக்கிக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய நடுக்கத்துக்குக் கடல் ஏன் சும்மா இருந்தது?

மேலூர் ஆசிரியை:
டீக்கடைக்காரர் மேல் தவறில்லை அண்ணா. விரைவாக அதிரும் அலைகள் அத்தனை தூரம் வருவதற்குள் ஓய்ந்துவிடும். மெதுவாக ஆடும் அலைகளே மிஞ்சும். அவற்றுக்கு மாடிக் கட்டடங்கள்தாம் அதிகம் அசையும்.

எனக்கு 2004 டிசம்பர் 26 மறக்காது. சென்னையிலிருந்து சித்தி காலையிலேயே போன் செய்து, கட்டில் ஆடியது என்றார். கனவு கண்டிருப்பீர்கள் என்று கேலி செய்தோம். நடுக்கம் வந்தது ஆறரை மணிக்கு. கடல் கரையேறியது ஒன்பது மணியை ஒட்டி. இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தும் கரையில் இருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இன்றும் எனக்கு ஆறாதது அதுதான். ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது 2007-இல்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சுமத்ரா, அந்தமான் ஓரமாக, நம் நிலத்தையும் கடலடியையும் சுமக்கும் பெரும்பாறைப் பலகையான இந்தியத் தட்டு பக்கத்துத் தட்டின் அடியில் நுழைகிறது. உரசும் இடம் இறுகிக்கொள்ள, மேல்தட்டின் விளிம்பும் கூடவே கீழே இழுபடும். 2004-இல் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தப் பிடி விட்டது. விளிம்பு துள்ளி எழுந்து, மேலிருந்த கடலையே தூக்கியது. 2012-இல் உடைந்தது தட்டின் உட்பகுதி. பாறைகள் பக்கவாட்டில் நழுவின. தண்ணீரைத் தூக்க ஆளில்லை.

ஒத்தக்கடைவாசி:
யானைமலை ஒருநாள் நெருப்பைக் கக்கும் என்று சிறுவயதில் அண்ணன் என்னை அழவைத்திருக்கிறான். உண்மையா டீச்சர்?

மேலூர் ஆசிரியை:
அண்ணனிடம் சொல்லுங்கள்: அது 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை. எரிமலை வேண்டுமானால் அந்தமானின் பாரன் தீவுக்குப் போக வேண்டும். அங்கும் அதே தட்டின் வேலைதான். கீழே போகும் தட்டிலிருந்து பிரியும் நீர், மேலுள்ள சூடான பாறையை எளிதில் உருகவைக்கிறது, உருகியது மேலேறுகிறது.

திருநகர்க்காரர்:
அப்படியானால் தட்டின் ஓரத்திலிருந்து தள்ளி இருக்கும் நமக்குக் கவலையே இல்லை?

மேலூர் ஆசிரியை:
குறைவு, அவ்வளவுதான். மகாராஷ்டிரத்தின் லாத்தூரும் ஓரத்தில் இல்லை. 1993 செப்டம்பர் 30 அதிகாலை வந்த நடுக்கத்தில் அங்கே கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர்கள் தூங்கியவர்கள் மேல் சரிந்தன. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். பழைய வீட்டின் மேல் மாடி எழுப்ப நினைப்பவர்கள் முதலில் ஒரு பொறியாளரை அழைத்துச் சுவரைக் காட்டுங்கள்.