இத்தாலியின் பொலோஞா நகர அனுபவங்கள்: மனத்தை விட்டு அகலாத ஒரு கணம்

பதிவு 1

சான் பெத்ரோனியோ பேராலயத்துக்குச் சென்றவர்கள் சூரியன் உச்சிக்கு வரும் வேளையை ஒளிப்பொட்டால் காட்டும், தரையில் ஓடும் அந்த நண்பகல் கோட்டைப் பார்த்திருப்பீர்கள். 1655-இல் வானியலாளர் காசினி வகுத்த அக்கோடு ஏறத்தாழ 67 மீட்டர் நீளமுடையது. நான் சென்றது மார்ச் மாதம். மணி 12.20-ஐத் தாண்டியதும், 27 மீட்டர் உயரத்தில் உள்ள கூரைத் துளை வழியே விழுந்த வெயில், ஒரு தாம்பாளம் அளவுக்குத் தரையில் ஒளிர்ந்தபடி, கண்ணெதிரே அக்கோட்டின் பக்கம் நகர்ந்து வந்தது. அருகில் இருந்த சிறுமி ஒருத்தி குனிந்து அதன் மேல் கையை வைத்தாள். ஒளி அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக விட்டு விலகியது. பூமி சுழல்வதைப் பள்ளியில் படித்திருக்கிறேன், பார்த்தது அன்றுதான்.

பதிவு 2

எனக்குப் பேராலயத்தைவிடத் தெருக்களே பெரியவையாகத் தோன்றின. ஊரும் புறநகரும் சேர்ந்து 62 கிலோமீட்டர் தூண் நடைபாதை (தூண்கள் தாங்கும் கூரையுள்ள நடைபாதை), அதில் 38 கிலோமீட்டர் பழைய நகருக்குள்ளேயே என்றால், மழைக்குக் குடை எதற்கு? விடியற்காலையில் நல்ல மழை. வயதான அம்மையார் ஒருவர் தம் வீட்டு வாசலில் உள்ள நடைபாதையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் காலணிகளில் சேறு. நான் தயங்கி மழைக்குள் இறங்கப் போனபோது, அவர் வாளியைச் சுவரோரம் நகர்த்திவிட்டு, துடைத்த தரையின் மீதே நடந்து போகும்படி கையை நீட்டினார். வீட்டுக்காரர் தம் செலவில் தூண்நடை கட்டிப் பராமரிக்க வேண்டும், ஆனால் நடக்கும் உரிமை ஊருக்கே என்று 1288-இலேயே அந்நகரம் சட்டம் இயற்றியிருந்ததைப் பின்னர்தான் படித்தேன். அந்தக் கை நீட்டலுக்குப் பின்னால் எழுநூறு ஆண்டுப் பழக்கம் இருந்திருக்கிறது.

பதிவு 3

சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் எழுதாதது வியப்பாக இருக்கிறது. நான் உணவகத்தில் அமர்ந்து இறைச்சிக் குழம்பு ஊற்றிய ஸ்பகெட்டி பொலோனீஸ் கேட்டேன். பரிமாறும் பெரியவர் மறுத்து எதுவும் சொல்லாமல் தாலியத்தெல்லே எனும் நாடா வடிவப் பாஸ்தாவைக் கொண்டுவந்து வைத்து, முள்கரண்டியால் ஒரு நாடாவைத் தூக்கி, இறைச்சிக் குழம்பு அதன் சொரசொரப்பில் ஒட்டி நிற்பதைக் காட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான் என் கதை.

வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1982-இல் அந்நகர வணிக மன்றத்தில் பதிவு செய்யப்பட்ட செய்முறையில் பூண்டு கிடையாது. கொரகொரப்பாக அரைத்த மாட்டிறைச்சி, பான்செட்டா எனும் பதப்படுத்திய பன்றி இறைச்சி, காரட், செலரி, வெங்காயம், ஒயின், பால், அளவாகத் தக்காளி, இவையே போதும். தக்காளியைக் கொட்டினால் அது வேறொரு குழம்பாகிவிடும். குறைந்தது இரண்டு மணி நேரம் சிறு தீயில் வையுங்கள். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் இறைச்சி இறுகிவிடும். பால் சேர்ப்பதற்குத் தயங்காதீர்கள், புளிப்பை அடக்குவது அதுதான். நாடாவின் அகலம் வெந்தபின் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அந்த அளவைத் தங்கத்தில் செய்து 1972 முதல் அதே மன்றத்தில் வைத்திருக்கிறார்கள். கடைசியாக, பாஸ்தாவைத் தட்டில் வைத்து மேலே குழம்பை ஊற்றாமல், சட்டியிலேயே இரண்டையும் சேர்த்துக் கிளறுங்கள்.

பதிவு 4

மூன்றாம் பதிவைப் படிப்பவர்கள் அவ்வூரில் ஸ்பகெட்டியே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. சூரை மீன் சேர்த்த ஸ்பகெட்டி அங்கு வீடுகளில் பழைய வழக்கம். இறைச்சிக் குழம்புக்கு அது பொருந்தாது என்பதே சரியான செய்தி.

நான் எழுத வந்தது கரிசேந்தா கோபுரத்தைப் பற்றி. 48 மீட்டர் உயரமுள்ள அச்சாய்ந்த கோபுரத்தைச் சுற்றி 2023 இறுதியில் தடுப்பு அமைத்துவிட்டார்கள்; நான் போனபோது கிட்டே நெருங்க முடியவில்லை. சாய்ந்த பக்கத்திலிருந்து பார்க்கும்போது மேகம் எதிர்த்திசையில் கடந்தால் கோபுரம் கவிழ்வதுபோல் தோன்றும் என்று இத்தாலியக் கவிஞர் தாந்தே பாடியிருக்கிறார். அவர் பார்த்தபோது அது இன்னும் உயரமாக இருந்தது. அவர் மறைந்த பிறகு, 14-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான், விழுந்துவிடும் என்று அஞ்சி மேற்பகுதியை இடித்தார்கள். தடுப்புக்கு வெளியே கழுத்து வலிக்க அண்ணாந்து காத்திருந்தேன். ஒரு வெண்மேகம் உச்சிக்குப் பின்னால் வந்தது. என்னை அறியாமல் இரண்டடி பின்வாங்கினேன். பக்கத்தில் நின்ற, முன்பின் அறியாத ஒருவரும் அதே நொடியில் பின்வாங்கினார்.