கீழ்ப்புறச் சாம்பிளில் பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கும் முறை) வேலை செய்யவில்லை, உதவி தேவை

நொய்யல் ஆற்றில் சுத்திகரித்த கழிவுநீர் கலக்கும் இடத்துக்கு மேலும் கீழும் பாக்டீரியாக் கூட்டம் எப்படி மாறுகிறது என்று பார்க்கிறேன். கல்லைச் சுரண்டி எடுத்த வழவழப்புப் படலம்தான் சாம்பிள். மேல்புறத்தில் 16எஸ் வி4 (பாக்டீரியாவை இனம் காண உதவும் மரபணுப் பகுதி) பட்டை ஜெல்லில் பளிச்சென்று வருகிறது. கீழ்ப்புறத்தில் ஜெல் காலி. மார்ச்சில் இருந்து இதே கதை.

டிஎன்ஏ பிரித்தெடுத்த கிட், பவர்சாயில் ப்ரோ. டிஎன்ஏ அளவு போதும், ஆனால் அதன் தூய்மையைக் காட்டும் 260/230 விகிதம் 1-க்கும் கீழே. லேசான டீ நிறம் வேறு. பத்து மடங்கு நீர்த்தேன், தடுப்பான்களைப் பிடித்துக்கொள்ளும் பிஎஸ்ஏ புரதம் சேர்த்தேன், பிசிஆர் சுழற்சியையும் கூட்டினேன். நல்ல ஈ.கோலை டிஎன்ஏவை இதோடு கலந்தால் அதுவும் பெருகவில்லை. சரி, ஏதோ தடுப்பான்தான். மக்கிய இலைதழையில் இருந்து வரும் ஹியூமிக் அமிலமாக இருக்கலாம். கீழே நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் நைட்ரோஸ்பைரா பாக்டீரியா கூடுகிறதா என்பதுதான் ஆய்வின் உயிர்நாடி, இந்தச் சாம்பிள்களை விட முடியாது.

இருக்கிற டிஎன்ஏவையே காந்த மணிகளால் சுத்தம் செய்வதா, இல்லை மிச்சமுள்ள படலத்தில் ஹியூமிக்கைப் பிடித்துக்கொள்ளும் பிவிபிபி பொடி சேர்த்து மறுபடி பிரித்தெடுப்பதா, எது உங்களுக்குக் கைகொடுத்தது?