செபோரிக் டெர்மட்டைட்டிஸ்: ‘உலர்செதில்’ வேண்டாம், ‘பிசுக்குச் செதிலழற்சி’ சரிவருமா?

வணக்கம்.

பலதுறை மருந்தகத் துண்டுப்பிரசுரத்துக்காக ஐயா அனுப்பிய பட்டியலில் செபோரிக் டெர்மட்டைட்டிஸ் என்ற தோல் அழற்சிக்குத் தமிழ்ப்பெயராக மூன்று சொற்கள் இருக்கின்றன: படை, உலர்செதில் நோய், எண்ணெய்வடி அழற்சி. மூன்றுமே ஒத்துவராது.

‘படை’ என்றதும் படர்தாமரைதான் நினைவுக்கு வரும். வீட்டில் துண்டையும் சீப்பையும் தனியே ஒதுக்கிவிடுவார்கள். இதுவோ ஒட்டாத நோய். மலசீசியா என்ற ஈஸ்ட் (நுண்பூஞ்சை) பெரியவர்கள் அநேகமாக எல்லார் தோலிலும் குடியிருப்பதுதான். தோல் சுரக்கும் எண்ணெயை அது நொதியால் உடைக்கும்போது ஒலீயிக் அமிலம் போன்றவை மிஞ்சும். சிலருடைய தோல் அதைத் தாங்காமல் சிவந்து, அரித்து, உரியும்.

‘உலர்செதில்’ இன்னும் மோசம். உரிவதைப் பார்த்ததும் வறட்சி என்று முடிவுகட்டி, தேங்காயெண்ணெயை அப்பி இரவெல்லாம் ஊறவிடுவது நம் வழக்கம். அதிலுள்ள கொழுப்பமிலங்கள் ஈஸ்டுக்குத் தீனி. செதிலை விரலிடுக்கில் நசுக்கினால் தெரிந்துவிடும்: வறண்டது தூளாகும், இது மஞ்சளாக, மெழுகுபோல ஒட்டும். தலை, புருவம், மூக்கோர மடிப்பு, காதுக்குப் பின்புறம், நெஞ்சின் நடுப்பகுதி ஆகியவை இதன் வழக்கமான இடங்கள்.

‘எண்ணெய்வடி’ மூலச்சொல்லின் நேர்ப்பெயர்ப்பு. ஆனால் இந்நோய் உள்ள எல்லாருக்கும் எண்ணெய் மிகுதியாகச் சுரப்பதில்லை. பெயரை நம்பி நாளுக்கு நான்கு முறை சோப்பால் தேய்த்தால் தோல் மேலும் புண்ணாகும்.

‘பிசுக்குச் செதிலழற்சி’ என்று வைக்கலாமா?

*

> ஐயாவின் மறுமொழி: ‘பிசுக்கு’ என்றால் குளிக்காதவர் என்று ஏசுவதுபோல் இல்லையா? ‘நெய்ச்செதில்’ எப்படி?

நியாயமான கேள்வி ஐயா, பிசுக்கை விட்டுவிடுகிறேன். எள்+நெய்தானே எண்ணெய், ஆகவே ‘நெய்ச்செதில்’ இலக்கணப்படி பழுதில்லை. ஆனால் நெய் தின்று வந்த நோயோ என்று பத்தியம் தொடங்கிவிடுவார்கள்! அழகுக் குறிப்புகளில் ‘எண்ணெய்ப்பசைச் சருமம்’ ஏற்கெனவே புழங்குகிறது. ‘எண்ணெய்ப்பசைச் செதிலழற்சி’ நீளம்தான், யாரையும் புண்படுத்தாது. தலையில் மட்டும் லேசாக, சிவக்காமல் இருந்தால் ‘பொடுகு’ போதும். அதற்குப் புதுச்சொல் தேடவேண்டாம். பச்சிளங்குழந்தைக்கு வருவதை, ஆங்கில ‘கிரேடில் கேப்’ என்பதை அப்படியே ‘தொட்டில் தொப்பி’ என்று யாரோ பெயர்த்திருக்கிறார்கள். தயவுசெய்து அடித்துவிடுங்கள், ‘குழந்தைத் தலைச்செதில்’ போதும்.

வரைவில் இன்னும் இரண்டு திருத்தம். கீட்டோகோனசோல் (பூஞ்சைக்கு எதிரான மருந்து) 2% ஷாம்புவுக்கு ‘தடவி அலசவும்’ என்றிருக்கிறது. நுரைத்ததும் அலசினால் மருந்து வேலை செய்ய நேரமில்லை. பிறகு பலிக்கவில்லை என்பார்கள். ‘நுரையைத் தலையில் 3 முதல் 5 நிமிடம் விட்டு அலசவும், வாரம் இருமுறை, 2 முதல் 4 வாரம்’ என்று எழுதுங்கள். அடுத்தது, ‘குணமாகும்’ என்ற சொல். இது திரும்பத் திரும்ப வரும் நோய். ‘அடங்கும்’ என்று மாற்றி, ‘அடங்கிய பின்பும் வாரம் அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை அதே ஷாம்புவைப் பயன்படுத்தவும்’ என்ற வரியைப் பக்கத்திலேயே சேர்க்கவேண்டும்.