‘மனக்கவலைதான்’ என்று குடும்ப டாக்டர் எப்போது சொல்லலாம்?

தேனி செல்வி:
என் அம்மாவுக்கு 52 வயது. பல மாதங்களாக ஓயாத அசதி. உடம்பு பெருத்துக்கொண்டே போனது. எதிலும் பிடிப்பில்லை, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே கண் கலங்கும். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “வயது அப்படி, மனக்கவலைதான், எதையும் யோசிக்காமல் இருங்கள்” என்று தூக்க மாத்திரை எழுதினார். பிறகு வேறோர் இடத்தில் டி.எஸ்.எச். என்னும் தைராய்டு இரத்தப் பரிசோதனை பார்த்தபோதுதான் தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருப்பது தெரிந்தது. அதை ஈடுசெய்யும் தைராக்சின் மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு அம்மா பழையபடி எல்லோரையும் அதட்டுகிறார். உடலில் ஒன்றுமில்லை என்று உறுதியாகும்வரை ‘மனம்’ என்ற பேச்சையே டாக்டர் எடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

சேலம் டாக்டர்:
சகோதரி, உங்கள் அம்மாவுக்கு நடந்தது அலட்சியம். அந்த அறிகுறிகளோடு வரும் பெண்ணுக்கு டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், சர்க்கரை பார்க்காமல் மாத்திரை எழுதியிருக்கக் கூடாது.

ஆனால் உங்கள் தீர்வை நான் ஏற்க மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் 14 நாடுகளில் நடத்திய ஆய்விலிருந்து 1999இல் ஒரு கட்டுரை வந்தது. பெங்களூரும் அதில் ஒரு மையம். மனச்சோர்வு இருந்த 1,146 பேரில் 69 சதவீதத்தினர், டாக்டரைப் பார்க்க வந்த காரணமாகச் சொன்னது உடல் உபாதையை மட்டும்தான். அவர்களை ஸ்கேன், எண்டோஸ்கோப்பி என்று அலையவிட்டுக் கடைசியில் மனத்தைப் பற்றிக் கேட்டால், அதற்குள் கடன் ஏறியிருக்கும், நோயும் முற்றியிருக்கும்.

தறி ஓட்டும் ஒருவர் மண்டைக் கனம், கால் மதமதப்பு, வயிற்றெரிச்சல் என்று வந்தார். கண் இமையை இழுத்துச் சோகை இருக்கிறதா என்று பார்த்தேன். வைட்டமின் பி12 குறைந்தாலும் கால் மரத்துப்போகும் என்பதால் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்தேன். சோதித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன். விடியும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறதா? காலையில் மோசமா, பொழுது சாய்ந்தால் மோசமா? இந்த வருடம் மாரியம்மன் பண்டிகைக்குப் போனீர்களா? “போகப் பிடிக்கவில்லை” என்றார். மனைவி வெளியே போன பிறகுதான் அழுதார். இரத்தப் பரிசோதனைக்கும் எழுதினேன், மனச்சோர்வையும் அன்றே குறித்துக்கொண்டேன். இரண்டில் ஒன்று முடிந்த பிறகு மற்றது என்ற வரிசை எதற்கு?

கும்பகோணம் ராமன் (மருந்தாளுநர்):
டாக்டர், உங்களைப் போல் எத்தனை பேர் கேட்கிறார்கள்? லான்செட் மருத்துவ இதழில் 2009இல் 41 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருந்தார்கள். பொது மருத்துவரிடம் வரும் 100 பேரில் சுமார் 20 பேருக்கு மனச்சோர்வு இருந்தால், பத்துப் பேரைக் கண்டுபிடிக்கிறார்கள், பத்துப் பேரைத் தவறவிடுகிறார்கள், நோயே இல்லாத பதினைந்து பேருக்கு இருப்பதாகச் சொல்லிவிடுகிறார்கள். நம் நாட்டில் ஒரு நோயாளிக்குச் சராசரியாக இரண்டு நிமிடம்தான் கிடைக்கிறது என்றும் ஓர் ஆய்வு உண்டு. அந்த இரண்டு நிமிடத்தின் விளைவு என் கடைக்கு வருகிறது. பதற்றத்தைத் தணிக்கும் அல்ப்ரசோலம் மாத்திரைக்கு எப்போதோ எழுதிய சீட்டு, மடித்து மடித்துக் கிழிந்துபோயிருக்கும். புதுச் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றால் சண்டைக்கு வருகிறார்கள்.

சேலம் டாக்டர்:
அந்தத் தொகுப்பிலேயே இன்னொன்றும் இருக்கிறது. ஒரே தடவை பார்த்து முடிவு செய்யாமல் சில மாதங்கள் தொடர்ந்து பார்த்தால் கணிப்பு தேறுகிறது. தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு குடும்ப டாக்டருக்குத்தானே அதிகம்! நேரமில்லை என்பவர் இரண்டே கேள்வி கேட்கட்டும். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனம் தளர்ந்து நம்பிக்கையற்று இருந்ததா? ‘ஆம்’ என்றால் பிஎச்க்யூ-9 என்னும் ஒன்பது கேள்விப் பட்டியல். மொத்தம் 27 மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். சோர்வு, தூக்கம், பசி எல்லாம் அதில் வருவதால் தைராய்டு நோயாளிக்கும் மதிப்பெண் கூடும், அதனால் அதை மட்டும் நம்பி மருந்து எழுதக் கூடாது. ஆனால் தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்வியைத் தயங்கித் தாண்டிப்போகவே கூடாது.

மதுரை அன்வர்:
என் அண்ணனுக்குச் சர்க்கரை உண்டு. வியர்த்துக் கொட்டியது, தாடையில் வலி. “பதற்றம், வாயு” என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிரவே மாரடைப்பு. உயிர் பிழைத்தது இறைவன் கருணை. நெஞ்சு விஷயத்தில் மனத்தைப் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டாம்.

சேலம் டாக்டர்:
இதில் உங்கள் பக்கம்தான் நான். சர்க்கரை நோயாளிக்கு நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். உடனே ஈசிஜி எடுக்க வேண்டும். அது ஒருமுறை நார்மல் என்றாலும் சந்தேகம் இருந்தால் மறுபடி எடுக்க வேண்டும், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும். பதற்ற நோய் உள்ளவருக்கு இதயநோய் வராது என்று எந்தச் சட்டமும் இல்லை.

தேனி செல்வி:
இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் டாக்டரோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் சீட்டில் ஒருமுறை ‘மனம்’ என்று ஏறிவிட்டால் அடுத்தவரும் அதையே பிடித்துக்கொள்கிறார். இடையில் நாங்கள் பார்த்த இன்னொரு டாக்டர், தூக்க மாத்திரையின் பெயரைப் படித்ததோடு கேள்வியை நிறுத்திவிட்டார். மனநோய் என்று எழுதுகிறவர், அதற்கு முன் எதையெல்லாம் சோதித்தேன் என்பதையும் அதே சீட்டில் எழுதட்டும்.

கும்பகோணம் ராமன்:
மாத்திரை எத்தனை நாளைக்கு என்பதையும்.

சேலம் டாக்டர்:
சோதித்ததை எழுதலாம், எழுதவும் வேண்டும். நோயின் பெயரை எழுதுவதில்தான் சிக்கல். அந்தத் தறிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, சீட்டில் மட்டும் அதை எழுதாதீர்கள், பெண் பார்க்க வருகிற சமயம் என்றார். எழுதாமல் விட்டால் அடுத்த டாக்டருக்குத் தெரியாது. எழுதினால் தறிக்காரர் அடுத்த முறை வரவே மாட்டார். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?