‘= 0’ என்று எழுதிவிட்டால் சி மொழி மாறி (வேரியபிள்) டேட்டா பகுதிக்குப் போய்விடுமா?

பாயான்_லெப்பாஸ்காரன்:
கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடக்கும் ஒரு டியூஷன் வகுப்பின் சி மொழிக் குறிப்பை நேற்று ஒருவர் இங்கே பெருமையோடு போட்டிருந்தார். தொடக்க மதிப்புக் கொடுத்த குளோபல், ஸ்டேட்டிக் மாறிகள் (நிரல் முடியும்வரை உயிரோடிருப்பவை) எல்லாம் நினைவகத்தின் டேட்டா பகுதிக்கும், கொடுக்காதவை பிஎஸ்எஸ் பகுதிக்கும் போகும் என்று அதில் அச்சடித்திருக்கிறார்கள். அப்படியானால் ‘ஸ்டேட்டிக் இன்ட் கவுன்ட் = 0’ டேட்டாவில் இருக்க வேண்டும். ஆனால் நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலர் அதைப் பிஎஸ்எஸ்ஸில்தான் வைக்கிறது. காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளுக்கு இதையா சொல்லிக்கொடுப்பது?

கேஎல்_ஆசிரியர்:
அந்தக் குறிப்பை எழுதியவன் நான்தான். பூஜ்யமும் ஒரு மதிப்புதான், ஐயா. மதிப்பு எழுதப்பட்டிருக்கிறது, ஆகவே டேட்டா. அரேயும் பாயின்டரும் ஒன்றா என்ற விவாதத்திலும் தாங்கள் இப்படித்தான் நடுவில் புகுந்து அனைவருக்கும் பாடம் எடுத்தீர்கள். அதை நான் மறக்கவில்லை.

பாயான்_லெப்பாஸ்காரன்:
பூஜ்யம் மதிப்பா இல்லையா என்று யார் கேட்டார்கள்? அந்த மாறியை ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்துக் கம்பைல் செய்து, எந்த மாறி எந்தப் பகுதியில் இருக்கிறது என்று காட்டும் ‘என்எம்’ கட்டளையை ஓட்டிப் பாருங்கள். கவுன்ட் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் எண்ணும் ஒட்டியிருக்கும்; முன்னால் பிஎஸ்எஸ்ஸைக் குறிக்கும் ‘பி’ என்ற எழுத்து நிற்கும். பூஜ்யத்தை அழித்து 5 என்று போட்டால் அதே இடத்தில் டேட்டாவைக் குறிக்கும் ‘டி’ வரும்.

இது வெறும் வாய்ச்சண்டை அன்று. மின்சாரம் போனாலும் அழியாத ஃப்ளாஷ் நினைவகம் 32 கேபியும், ராம் 2 கேபியும் மட்டுமே உள்ள ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்ற சிறு கணினிப் பலகையில், டேட்டா பகுதியின் தொடக்க மதிப்புகள் ஃப்ளாஷிலும் இடம் பிடிக்கும். நிரலின் மெயின் ஃபங்ஷன் தொடங்குவதற்கு முன் அவை அங்கிருந்து ராமுக்கு நகலெடுக்கப்படும். பிஎஸ்எஸ்ஸுக்கு அந்தச் செலவே இல்லை, ஏனெனில் அதன் அளவு தெரிந்தால் போதும், தொடக்க நிரலே ராமில் பூஜ்யத்தை நிரப்பிவிடும். 1000 பைட் அரே முழுவதும் பூஜ்யம் என்றால் அதற்காக ஃப்ளாஷில் 1000 பூஜ்யங்களைச் சேமித்து வைப்பவன் எவன்? வகுப்பறையில் மட்டுமே நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்த வலி தெரிய நியாயமில்லை.

தரநூல்_வாசகர்:
இருவரும் சற்றுப் பொறுங்கள். சி மொழியின் விதிகளை வகுக்கும் தரநூலில் ஸ்டாக், ஹீப், பிஎஸ்எஸ் என்ற நினைவகப் பகுதிகள் எதுவுமே கிடையாது. ஒரு பொருள் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்பதைத்தான் அது வரையறுக்கிறது. மதிப்பே எழுதாத ஸ்டேட்டிக் இன்ட்டும் எப்படியும் பூஜ்யத்தில்தான் தொடங்கும்.

கேஎல்_ஆசிரியர்:
தரநூலே வாய் திறக்காதபோது என் குறிப்பை மட்டும் தவறென்று சொல்ல இவர் யார்? பூஜ்ய மதிப்புள்ளவற்றையும் டேட்டாவிலேயே வைக்கச் சொல்லும் ஆப்ஷன் ஜிசிசியிலேயே இருக்கிறது. ஆகவே பூஜ்யமும் மதிப்புதான்.

பாயான்_லெப்பாஸ்காரன்:
அப்படி ஓர் ஆப்ஷன் எதற்கு வந்தது? அதைப் போடாவிட்டால் பிஎஸ்எஸ்ஸுக்குப் போகிறது என்பதனால்தானே! என் வழக்குக்குத் தாங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள், நன்றி.

செந்தூல்_மாணவி:
ஃபங்ஷனுக்குள் இருக்கும் சாதாரண மாறிகளாவது ஸ்டாக்கில் இருக்கின்றன என்று நம்பலாமா?

தரநூல்_வாசகர்:
அதுவும் உறுதியில்லை. நிரலை வேகமாக்கும் ஆப்டிமைசேஷனை இயக்கினால் பல மாறிகள் செயலிக்குள் இருக்கும் ரெஜிஸ்டரிலேயே வாழ்ந்து முடிந்துவிடும். சில அடியோடு காணாமலே போய்விடும்.

கேஎல்_ஆசிரியர்:
என் மாணவர்களை நீங்களும் சேர்ந்து குழப்ப வேண்டாம். லோக்கல் மாறி என்றால் ஸ்டாக், அவ்வளவுதான். தங்களைப் போல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை பார்ப்பவர்களுக்கெல்லாம் கோலாலம்பூரில் பாடம் நடத்துகிறவர்கள் மீது என்றுமே ஒரு இளக்காரம் உண்டு.

பாயான்_லெப்பாஸ்காரன்:
ஊரை இழுத்தால் பிட் மாறிவிடாது. ‘என்எம்’ ஓட்டினீர்களா, இல்லையா?

கேஎல்_ஆசிரியர்:
என் கணினியில் விண்டோஸ் இருக்கிறது. தவிரவும், தங்கள் உத்தரவுக்கு ஆடும் ஆள் நானில்லை.

பாயான்_லெப்பாஸ்காரன்:
விண்டோஸிலும் ஜிசிசியை நிறுவினால் ‘என்எம்’ கூடவே வரும். வந்த எழுத்து ‘பி’யா ‘டி’யா, அதை மட்டும் இங்கே எழுதுங்கள்.