குடிநோய்க்கு முந்தைய நிலைக்கு ஒரு சொல்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

செவிலியர் பயிற்சித்தாளுக்காகக் கேட்டிருந்தேனே, 'ஹசார்டஸ் டிரிங்க்கிங்' என்பதற்கு, அதாவது இன்னும் நோயாகாத, ஆனால் உடலுக்குக் கேடு வரவழைக்கக்கூடிய குடிக்கு, நீங்கள் தந்த 'ஆரம்பநிலைக் குடிநோய்' எனக்கு ஒப்பவில்லை. சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நோய் என்று வாயெடுத்ததுமே எதிரே இருப்பவர் எழுந்து போய்விடுகிறார்.

சேரன்மகாதேவி பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புறநோயாளிகளைப் பார்க்கிறேன். பிரஷர் மாத்திரைக்கும் வயிற்றெரிச்சலுக்கும் வருகிறவர்களிடம் குடியைப் பற்றியும் கேட்பேன். "நான் என்ன குடிகாரப்பயலா டாக்டரம்மா? சனிக்கு ஒரு குவார்ட்டர், ஞாயிறுக்கு ஒரு குவார்ட்டர், அவ்வளவுதான்" என்பார்கள். பொய் இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். குவார்ட்டர் 180 மில்லி; 42.8 சதவீதச் சரக்கு என்றால் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால். குடிப்பழக்கத்தை எடைபோட உலக சுகாதார நிறுவனம் தந்திருக்கும் 'ஆடிட்' வினாத்தாளில் 10 கிராம் ஓர் அளவு. ஆக, ஒரு குவார்ட்டர் ஆறு அளவு. அதன் பத்துக் கேள்விகளில் முதல் மூன்றிலேயே இவருக்கு 8 மதிப்பெண் வந்துவிடுகிறது. மொத்தம் 40 என்றாலும், நாம் பேசத் தொடங்க வேண்டிய கோடு அந்த 8தான். இவருக்குக் கை நடுக்கம் இல்லை, வேலைக்கு ஒழுங்காகப் போகிறார். இப்போது ஐந்து நிமிடம் பேசினால் குறைத்துக்கொள்ளக்கூடியவர். குடிக்காமல் இருக்கவே முடியாத மதுச்சார்பு முற்றியபின் அந்த ஐந்து நிமிடம் எதற்கும் காணாது.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுத் தொகுப்பான ஐ.சி.டி.யின் பதினோராம் பதிப்பும் இந்த நிலையை நோய்களோடு சேர்க்காமல், உடல்நலத்தைப் பாதிக்கும் காரணிகளின் அத்தியாயத்தில் வைத்திருக்கிறது. நாம் ஏன் நோயாக்க வேண்டும்?

முதலில் 'வரம்புமீறிய குடி' என்று எழுதிப் பார்த்தேன். வயலில் தண்ணீர் வரம்பைத் தாண்டும்போதே ஒரு மண்வெட்டி மண் போட்டால் தீர்ந்தது. அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பேச்சில் 'வரம்பு மீறினான்' என்றால் ஒழுக்கம் கெட்டவன் என்றாகிவிடும். விட்டுவிட்டேன். 'இடர்க்குடி' கச்சிதம்தான், ஆனால் குடி என்றால் குடும்பமும்தானே. திருக்குறளில் கள்ளுண்ணாமையும் இருக்கிறது, குடிசெயல்வகையும் இருக்கிறது. இடருற்ற குடும்பம் என்று யாராவது படித்துவிடுவார்கள்.

அதனால் 'இடர்நிலைக் குடிப்பழக்கம்'. நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். இன்னும் நேராத, நேரக்கூடிய இழப்பை வங்கிக்காரர்கள் 'இடர்' என்றே எழுதுகிறார்கள். இங்கும் அதே பொருள். இது பதிவேட்டுக்கும் பாடநூலுக்கும் மட்டும். வந்தவரிடம் எந்தப் பெயரும் சொல்ல வேண்டாம், "வாரத்துல எத்தன நாளு? ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று கேட்டால் போதும்.

அந்த ஐந்து நிமிடப் பேச்சைத்தான் ஆங்கிலத்தில் 'ப்ரீஃப் இன்டர்வென்ஷன்' என்கிறார்கள். அதற்குச் 'சுருக்கத் தலையீடு' வேண்டவே வேண்டாம். தலையிட வருகிறவரிடம் யார் மனம்விட்டுப் பேசுவார்? 'அறிவுரை'யும் சரிவராது, அதை அவர் வீட்டில் தினமும் கேட்கிறார். இங்கே நடப்பது கேள்வி கேட்டு, குறைக்க வேண்டிய காரணத்தை அவர் வாயாலேயே வரவழைப்பது. 'சிற்றுரையாடல்' என்று வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள் அண்ணாச்சி. செவிலியர் பயிற்சித்தாளை அச்சுக்குக் கொடுக்குமுன் மாற்றிவிடுகிறேன்.