புதுப்பிப்பு: டிராக்டர் இழுவைச் சட்டம், மழைக்குப் பிறகு

பழைய இரும்பு ஆங்கிள்களை (L வடிவக் கம்பிகளை) வெல்டிங் செய்து, மண் பாதையைச் சமப்படுத்த டிராக்டருக்குப் பின்னால் இழுக்கும் சட்டம் பற்றி முன்பு எழுதியிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. காய்ந்த மண்ணில் தூசி கிளப்பியதோடு சரி. மழை விட்டு, சக்கரத்தில் மண் அப்பாத ஈரத்தில் இழுத்ததும் கதையே மாறிவிட்டது. முன் ஆங்கிள் மேட்டைச் சீவ, அந்த மண் உருண்டு பள்ளத்தில் விழ, பின் ஆங்கிள் அதைத் தேய்த்து அழுத்தியது.

முந்தைய பதிவைப் படித்துவிட்டு, சட்டத்தின் மேல் எடை கூட்டச் சொன்னீர்கள், கூட்டினேன். ஆனால் சட்டத்தை டிராக்டரோடு இணைக்கும் சங்கிலியின் நீளம்தான் அதைவிட முக்கியம். குறைத்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். நீட்டினால் ஆழமாக வெட்டும். சட்டத்தைச் சாய்வாக இழுத்தால் ஓரத்து மண் நடுவுக்கு வந்து, தண்ணீர் இருபுறமும் வடியும்.

அப்புறம், நடக்கிற வேகம் போதும். விரட்டினால் சட்டம் துள்ளி, பாதை முழுக்க அலை அலையாக வரி விழுந்துவிடும்.